ஊர் கூடி வரைந்த வரைபடம்

நுழையும்முன்

தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கும் கைகளுக்குக் கூலி இல்லை. எனினும், தேர் நான்கு வீதிகளையும் சுற்றி நிலைக்கு வந்து சேர்கிறது. இக்காலத்தில் கணினி வழியாகவும் பலர் கூடி அத்தகைய தேர்களை இழுக்கின்றனர். அவற்றுள் ஒன்றைப் பற்றியும், அதில் சிறுவர்களும் பிடிக்கத்தக்க வடத்தைப் பற்றியும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஏரியும் கரையும்

தமிழ்நாட்டு ஊர்களில் குடிமராமத்து என்றொரு வழக்கம் இருந்தது. கோடையில் ஏரி வற்றியதும் ஊரார் மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு கரையில் கூடுவர். ஏரியில் படிந்த வண்டலை அள்ளுவர். தளர்ந்த கரையை உயர்த்துவர். மதகையும் வாய்க்காலையும் செப்பனிடுவர். அள்ளிய வண்டல் வயலுக்கு உரமாகும். மழை பெய்ததும் ஏரி நிறையும். கரையில் வேலை செய்தவரின் வயலுக்கும், நோயினால் வர இயலாதவரின் வயலுக்கும் அதே நீர்தான் பாயும். உலகத்தார் விரும்புமாறு உதவி வாழும் பேரறிவாளனின் செல்வத்தை, ஊருணியில் நிறைந்த நீருக்கு வள்ளுவர் ஒப்பிட்டதும் இத்தகைய வாழ்க்கையைக் கண்டதனால்தான் போலும்.

நான் பிழைப்பின்பொருட்டு டெல்லிக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் குடியிருப்பில் ஏரியும் இல்லை, வாய்க்காலும் இல்லை. எனினும், குடிமராமத்துக்கு நிகரான ஒரு பணியை நான் இங்குதான் கண்டேன். அப்பணிக்கு மண்வெட்டி வேண்டியதில்லை. கூர்ந்து நோக்கும் கண்ணும், நடக்கும் காலும், உண்மையைப் பதிவு செய்யும் மனமும் இருந்தால் போதும்.

பலர் எழுதும் தரவுத்தளம்

அப்பணியின் பெயர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். அதனைத் தமிழில் திறந்த தெரு வரைபடம் எனலாம். 2004ஆம் ஆண்டில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இங்கிலாந்தில் இதனைத் தொடங்கினார். அக்காலத்தில் அந்நாட்டு அரசு நிறுவனம் உருவாக்கிய விரிவான வரைபடத் தரவுகளைப் பொதுமக்கள் தம் விருப்பம்போல் பயன்படுத்த இயலாது. கட்டணமும் கட்டுப்பாடுகளும் இருந்தன. "நம் தெருக்களை நாமே அளந்து, நாமே வரைந்து, எல்லாருக்கும் பொதுவாக வைத்தால் என்ன?" என்னும் எண்ணமே இம்முயற்சிக்கு வித்தாயிற்று. தொடக்கக் காலத் தன்னார்வலர்கள் இடங்காட்டிக் கருவியைக் கையில் ஏந்தி, நடந்தும் மிதிவண்டியில் சென்றும் தெருத்தெருவாகப் பதிவு செய்தனர். இன்று அதில் கணக்குத் தொடங்கியவர்களின் எண்ணிக்கை 1 கோடியைக் கடந்துவிட்டது.

திரையில் தோன்றும்போது அது வரைபடமாகக் காட்சியளிக்கிறது. உள்ளே அது ஒரு பெரிய தரவுத்தளம். அதன் அமைப்பு எளியது. மரம், கிணறு, பேருந்து நிறுத்தம் போன்ற ஒன்றைக் குறிக்க ஒரு புள்ளி போதும். அப்புள்ளியின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதில் பதிவாகும். புள்ளிகளை வரிசையாக இணைத்தால் தெரு, ஆறு, இருப்புப்பாதை போன்ற கோடுகள் உருவாகும். கோட்டின் இரு முனைகளையும் ஒன்றாக்கினால் கட்டடம், பூங்கா, ஏரி போன்ற பரப்புகள் தோன்றும். பின்பு ஒவ்வொன்றுக்கும் குறிச்சொற்கள் சூட்டப்படும். "இது குடிநீர்க் குழாய்", "இது படிக்கட்டு", "இவ்வாயிலில் சக்கர நாற்காலி செல்லும்" என்றெல்லாம் அக்குறிச்சொற்கள் கூறும்.

இத்தரவுத்தளத்தைத் தாங்கி நிற்கும் மென்பொருளும் திறந்த மூலத்தைச் சார்ந்ததே. போஸ்ட்கிரெஸ்கியூஎல் எனப்படும் அம்மென்பொருளின் வேர், 1986இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வில் உள்ளது. 1996 முதல் இப்பெயரால் வழங்கும் அதனைப் பல நாட்டு நிரலாளர்கள் கூடி வளர்த்து வருகின்றனர். ஒரு பொதுப்பணியின் மேல் மற்றொரு பொதுப்பணி எழுப்பப்பட்டிருப்பதை இங்கே காண்கிறோம்.

பெயரில்லாத சந்து

இவையெல்லாம் எனக்கு ஏட்டளவில் தெரிந்திருந்தன. அவற்றின் தேவையை உணர்த்தியது ஒரு குளிர்கால இரவு. எங்கள் சந்தின் கடைசி வீட்டில் வாழும் பாட்டிக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. அவர் மகன் உடனே அவசர ஊர்தியை அழைத்தார். ஊர்தி பெருஞ்சாலை வரை விரைந்து வந்தது. அதன்பின் வழி தெரியாமல் நின்றது. ஓட்டுநரின் கைப்பேசி வரைபடத்தில், எங்கள் குடியிருப்பு இருக்கவேண்டிய இடம் வெறும் சாம்பல் நிறப் பரப்பாக இருந்தது. "எந்தச் சந்து?" என்று அவர் கேட்டார். ஒருவர் "ஆறாம் எண் கலி" என்றார். மற்றொருவர் "தொட்டிக்காரக் கலி" என்றார். பாட்டியின் மருமகள் பதற்றத்தில் "பிள்ளையார் கோயில் சந்து" என்று தமிழிலேயே கூறிவிட்டார். முடிவில் இளைஞர் ஒருவர் பெருஞ்சாலைக்கு ஓடி, ஊர்தியின் முன்னே நடந்து வழிகாட்டி அழைத்து வந்தார். பாட்டி பிழைத்துக்கொண்டார். ஆனால், வீணான அந்த இருபது நிமிடங்களை எங்களுள் எவரும் மறக்கவில்லை.

மறுநாள் மாலை, எதிர்வீட்டில் வாழும் ஒன்பதாம் வகுப்பு மாணவி என்னிடம் வந்தாள்.

"மாமா, முந்நூறு குடும்பங்கள் வாழும் இடம் வரைபடத்தில் ஏன் இல்லை?" என்று கேட்டாள்.

"யாரும் வரையவில்லை, அம்மா. அதனால் இல்லை" என்றேன்.

"அப்படியானால் யார் வரையவேண்டும்?"

இக்கேள்விக்கு விடையாக அவளுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைக் காட்டினேன். அவள் தந்தையின் துணையோடு கணக்கொன்றைத் தொடங்கினாள்.

முதல் கோடு

அவள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு சந்து சந்தாக நடந்தாள். எங்கே வளைகிறது, எங்கே குறுகுகிறது, எங்கே படிக்கட்டு உள்ளது, எவ்வளவு தொலைவு வரை ஊர்தி வரும் என்பவற்றைக் குறித்துக்கொண்டாள். பின்னர்ச் செயற்கைக்கோள் படத்தின்மீது கோடுகளை வரைந்தாள். நான் உடன் அமர்ந்து பார்த்தேன்.

பெயர் எழுதும் இடம் வந்தபோது அவள் கை தயங்கியது. சந்தின் முகப்பில் உள்ள பலகையில் "கலி எண் 6" என்று இருந்தது. முனையில் நீர்த்தொட்டி இருப்பதால் இந்தி பேசும் அண்டை வீட்டார் தொட்டிக்காரக் கலி என்று அழைத்தனர். இங்கு முதலில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு அது பிள்ளையார் கோயில் சந்து. "இவற்றுள் எது சரியான பெயர்?" என்று கேட்டாள். மூன்றும் மக்கள் வழங்கும் பெயர்களே. தரவுத்தளத்தில் மூன்றுக்கும் இடம் உண்டு. பலகையில் உள்ள பெயர் முதன்மைப் பெயராகும். மற்ற வழக்குப் பெயரை மாற்றுப் பெயராகப் பதியலாம். தமிழ்ப் பெயருக்கென்றும் இந்திப் பெயருக்கென்றும் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. ஒரு பெயர் நிலைபெற மற்றொரு பெயர் அழியவேண்டியதில்லை என்பதை அறிந்தபோது அவள் முகம் மலர்ந்தது.

அவள் தம்பி ஆர்வமிகுதியால் டெல்லியின் கிரீன் பார்க் என்னும் பகுதிக்குப் "பசுமைப் பூங்கா" என்று தமிழ்ப் பெயர் சூட்ட முற்பட்டான். அதனை நான் தடுத்தேன். அப்பெயரைச் சொல்லி எந்தத் தமிழரும் அங்கு வழி கேட்பதில்லை. மக்கள் நாவில் இல்லாத பெயரைப் பதிவு செய்தல் முறையன்று. களத்தில் உள்ளதையே எழுதவேண்டும் என்பது இப்பணியின் தலையாய நெறி.

இரண்டு நாள் கழித்து, வேறொரு மாநிலத்தைச் சேர்ந்த அனுபவமுள்ள தன்னார்வலர் ஒருவர் அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். "நீங்கள் வரைந்தமைக்கு நன்றி. இப்பகுதியை முதன்முதலில் பதிவு செய்தவர் நீங்களே. உங்கள் சந்தின் முனை பெருஞ்சாலையைத் தொடுவதுபோல் தோன்றுகிறது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான புள்ளி இல்லை. பொதுப்புள்ளி இருந்தால்தான் வழிகாட்டும் செயலி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் பாதையை அறியும். நீங்களே இணைத்துப் பாருங்கள்" என்பது அதன் கருத்து. கண்ணுக்குப் புலப்படாத அந்த இடைவெளியை அவளே மூடினாள். அன்று மாலைக்குள் மேலும் நான்கு சந்துகளை வரைந்து முடித்தாள்.

ஊக்கம் என்னும் உரம்

அச்செய்தியை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அதை அனுப்பியவரால் அப்பிழையைத் தாமே ஒரு நொடியில் திருத்தியிருக்க முடியும். காரணம் கூறாமல் அக்கோட்டை நீக்கியிருக்கவும் முடியும். அவ்வாறு செய்திருந்தால் வரைபடத்தில் ஒரு பிழை குறைந்திருக்கும். கூடவே ஒரு தன்னார்வலரும் குறைந்திருப்பார். அவரோ முதலில் நன்றி கூறினார். பின்பு குறையைச் சுட்டினார். அதற்குரிய காரணத்தை விளக்கினார். திருத்தும் வாய்ப்பை அவளுக்கே அளித்தார்.

ஊதியம் பெறுபவர் மனம் வருந்தினாலும் மறுநாள் பணிக்கு வருவார். தன்னார்வலரை வரவழைப்பது அவர்தம் விருப்பம் ஒன்றே. அவ்விருப்பம் வாடுவதற்குரிய காரணங்கள் சில உண்டு. எங்கே தொடங்குவது என்று தெரியாமை ஒன்று. இது வல்லுநர்க்கே உரியது என்னும் அச்சம் மற்றொன்று. முதல் முயற்சி ஏளனத்துக்கு ஆளாதல் மூன்றாவது. செய்த பணியை எவரும் காணவில்லை என்னும் ஏமாற்றம் நான்காவது.

இவற்றை நீக்கும் வழிகளையும் இப்பணியிலேயே காணலாம். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்னும் செயலி, தெருவில் நிற்பவரிடம் சிறு கேள்விகளை மட்டுமே கேட்கிறது. இச்சாலையின் தளம் எத்தகையது? இப்பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை உண்டா? இக்கடை எப்போது திறக்கும்? விடையளிக்க ஒரு நிமிடம் போதும். சிறிய பணியாக இருப்பதால் தொடங்குவது எளிதாகிறது. ஒவ்வொரு மாற்றமும் அதனைச் செய்தவரின் கணக்குப் பெயரோடும் நாளோடும் வரலாறாகப் பதிவாகிறது. ஆதலால் உழைத்தவரின் உழைப்பு மறைவதில்லை. தவறு நேர்ந்தால் முந்தைய நிலைக்கு மீட்கவும் முடியும். ஆதலால் அஞ்சவேண்டியதும் இல்லை.

"இத்தனை பேர் உழைத்து உருவாக்கியதை நாளை ஒருவர் தமக்கே உரியதாக்கிக்கொண்டால் என்ன செய்வது?" என்னும் ஐயம் எழலாம். அதற்குக் காவலாக ஓர் உரிமம் உள்ளது. 2012 முதல் இத்தரவுகள் திறந்த தரவுத்தள உரிமத்தின்கீழ் வழங்கப்படுகின்றன. எவரும் இவற்றைப் பயன்படுத்தலாம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். ஆனால், இது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களின் உழைப்பு என்று குறிப்பிடவேண்டும். இத்தரவுத்தளத்தை மேம்படுத்தி வெளியிடுவோர், அம்மேம்பாட்டையும் அதே உரிமத்தில் பிறருக்கு அளிக்கவேண்டும். ஏரி நீரை எவரும் பாய்ச்சலாம், ஏரிக்கு எவரும் வேலியிடலாகாது என்னும் ஊர்க் கட்டுப்பாடு போன்றது இது.

இடர் வந்த காலத்தில்

இந்த உழைப்பின் பயனை உலகம் உணர்ந்த நாள்கள் சில உண்டு. 2010 ஜனவரி 12ஆம் நாள் ஹைட்டி நாட்டைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அதன் தலைநகரான போர்ட்டோ பிரின்சுக்கு விரிவான, பொதுவில் கிடைக்கும் வரைபடம் அப்போது இல்லை. செயற்கைக்கோள் படங்கள் வெளியிடப்பட்டதும், உலகின் பல பகுதிகளில் இருந்து நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் தத்தம் வீட்டில் அமர்ந்து தெருக்களையும் இடிந்த கட்டடங்களையும் முகாம்களையும் வரைந்தனர். சில நாள்களில் உருவான அவ்வரைபடம் மீட்புக் குழுவினர்க்கு வழிகாட்டியது. 2015 ஏப்ரல் 25ஆம் நாள் நேபாளத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு உதவினர். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, நீர் சூழ்ந்த தெருக்களை மக்களே குறிக்கும் வரைபடம் ஒன்று இத்தரவுகளின்மீது உருவாக்கப்பட்டது.

இடர் வராத நாள்களிலும் இதற்குப் பயன் உண்டு. சக்கர நாற்காலியில் செல்பவர் நுழையத்தக்க இடங்களைக் காட்டும் வீல்மேப் என்னும் வரைபடம் 2010இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்டது. அதுவும் இத்தரவுத்தளத்தையே அடிப்படையாகக் கொண்டது. ஒரு வாயிலில் படி உண்டா இல்லையா என்பது நமக்குச் சிறு செய்தி. படியேற இயலாத ஒருவர்க்கு, அன்று வெளியே செல்வதா வேண்டாவா என்பதை அதுவே முடிவு செய்யும்.

இருமொழி அறிந்தோர்க்கு ஒரு பணி

மாணவர்களே! தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் நீங்கள், "இங்கே தமிழால் என்ன பயன்?" என்று சில வேளைகளில் எண்ணியிருக்கலாம். தொலைவில் வாழ்ந்த தமிழர்களின் தன்னார்வப் பணி தமிழுக்குப் புதிதன்று. 1998இல் மதுரைத் திட்டம் தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலாளர் கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் தம் ஓய்வு நேரத்தில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தனர். மற்றவர்கள் அவற்றை மெய்ப்புப் பார்த்தனர். அதனால் நூலகம் அருகில் இல்லாத மாணவரும் இன்று திருக்குறளையும் சங்க இலக்கியத்தையும் கட்டணமின்றிப் படிக்க முடிகிறது.

உங்களிடமும் அத்தகைய செல்வம் ஒன்று உண்டு. நீங்கள் வாழும் நகரின் தெருக்களை நீங்கள் அறிவீர்கள். அந்நகரின் மொழியில் பலகைகளைப் படிப்பீர்கள். வீட்டில் பெரியோர் அவ்விடங்களைத் தமிழில் எவ்வாறு அழைக்கின்றனர் என்பதையும் கேட்டிருப்பீர்கள். முதன்முதலில் இங்கு வந்து குடியேறிய தாத்தா பாட்டியர் வழங்கிய பெயர்கள் பல, அவர்களோடு மறைந்துவிடும் நிலையில் உள்ளன. இம்மூன்று அறிவும் ஒருசேர வாய்த்தவர் எங்கோ இருக்கும் வல்லுநர் அல்லர், நீங்களே.

சில நெறிகளை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். பெற்றோர் அல்லது ஆசிரியர் துணையோடு தொடங்குங்கள். பிற வரைபடங்களைப் பார்த்துப் படியெடுக்காதீர்கள். அது பிறர் உரிமையைக் கவர்தலாகும். தனிமனிதர்களின் பெயரையோ வீட்டு விவரங்களையோ பதியாதீர்கள். படைத்துறை சார்ந்த இடங்களை விட்டுவிடுங்கள். ஐயம் எழுந்தால் பதியும் முன்பே கேளுங்கள். உங்களுக்குப் பின் புதிதாக ஒருவர் வந்து தவறு செய்தால், நன்றியோடு தொடங்கி, காரணத்தோடு திருத்துங்கள்.

நம் நாட்டின் பல சிற்றூர்களும், உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் நகரப் பகுதிகள் பலவும் அவ்வரைபடத்தில் இன்னும் போதிய விவரமின்றி இருக்கின்றன. உங்கள் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே எத்தனை குடிநீர்க் குழாய்கள், எத்தனை பேருந்து நிறுத்தங்கள், பெயர் பதியாத எத்தனை சந்துகள் உள்ளன? நாளைக் காலை பள்ளிக்கு நடந்து வரும்போது எண்ணிக்கொண்டு வாருங்கள்.

சொல்லும் பொருளும்

குடிமராமத்து – ஊரார் கூடி நீர்நிலைகளைச் செப்பனிடும் வழக்கம்
வண்டல் – நீரினால் அடித்து வரப்பட்டுப் படிந்த வளமான மண்
மதகு – ஏரி நீரைத் திறந்துவிடும் வாயில்
ஊருணி – ஊரார் நீர் உண்ணும் குளம்
தரவுத்தளம் – செய்திகளை முறைப்படுத்திச் சேமித்து வைக்கும் அமைப்பு
உரிமம் – ஒன்றைப் பயன்படுத்துவதற்கான விதிகள் அடங்கிய இசைவு
மெய்ப்புப் பார்த்தல் – எழுத்துப் பிழைகளை ஒப்பிட்டுத் திருத்துதல்
கலி – சந்து என்னும் பொருளில் வடமாநிலங்களில் வழங்கும் சொல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் எப்போது, யாரால் தொடங்கப்பட்டது?
2. அவசர ஊர்தி பெருஞ்சாலையில் நின்றதற்குக் காரணம் யாது?
3. "பசுமைப் பூங்கா" என்னும் பெயரைக் கட்டுரையாசிரியர் ஏன் தடுத்தார்?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. அனுபவமுள்ள தன்னார்வலரின் செய்தி மாணவிக்கு எவ்வாறு ஊக்கமளித்தது?
2. திறந்த தரவுத்தள உரிமத்தை ஊர்க் கட்டுப்பாட்டோடு ஒப்பிட்டு விளக்குக.

இ. பிரித்து எழுதுக.
1. பேரறிவாளன் 2. பெருஞ்சாலை 3. பழந்தமிழ்

ஈ. செய்து பார்ப்போம்.
உங்கள் தெருவுக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டறிந்து பட்டியலிடுக. பலகையில் உள்ள பெயர், அண்டை வீட்டார் வழங்கும் பெயர், உங்கள் வீட்டுப் பெரியோர் வழங்கும் பெயர் என மூன்றையும் தனித்தனியே எழுதுக. ஒவ்வொரு பெயரும் எதனால் அமைந்தது என்பதை இரண்டு தொடர்களில் விளக்குக.